முயல் ஓடியதாக நான் சொன்ன நாட்கள்

வீட்டுக்குள் வளர்க்கும் முயல் மூன்று முறை தொடர்ந்து தாவினாலும் சுவரில் முட்டக் கூடாதாம். பின்னங்காலில் எழுந்து நின்றால் காது மேலே இடிக்கக் கூடாது. உடம்பை முழுதாக நீட்டிப் படுக்க இடம் வேண்டும். கூண்டு தூங்குவதற்கு மட்டும்தான். ஓடித் திரிய ஒரு நாளில் பல மணி நேரம் வேறு இடம் கொடுக்க வேண்டும். கண்டி நகரில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் என் மகள் இதையெல்லாம் வாசித்துவிட்டு, ஒரு முயலுக்காகச் சாப்பாட்டு மேசையைக் கொடுத்துவிட்டாள். இப்போது அந்த வீட்டில் எல்லோரும் மடியில் சோற்றுக் கோப்பையை வைத்துச் சாப்பிடுகிறார்கள். மருமகன் குசினிக்குப் போகும்போது மேசை இருந்த இடத்தில் முயலுக்குப் போட்ட கம்பி வேலியைக் காலைத் தூக்கிக் கடந்து போகிறார். முகத்தில் ஒன்றும் தெரிவதில்லை. பழகிவிட்டார்.

"உம்மா, நீங்க சின்ன வயசில மொயல் வளத்தீங்களா?" என்று மகள் கேட்டாள்.

"ரெண்டு ஈந்திச்சி" என்றேன். அதற்கு மேல் அவளிடம் சொல்லவில்லை.

என் வயதுக்காரர்களான உங்களிடம் சொல்லலாம் என்று நினைக்கிறேன். இரும்பு அலுமாரியும், குளிர்சாதனப் பெட்டியும், தண்ணீர்க் குழாயும் வீட்டுக்குள் வருவதற்கு முந்திய வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். அந்த வீடுகளில் என்ன நடந்தது என்று நம்மைத் தவிர விசாரிக்க ஆளில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் வீடு அலவத்துகொடையில், மாத்தளை வீதியிலிருந்து கீழே இறங்கும் ஒழுங்கையின் கடைசியில் இருந்தது. வாப்பா மிளகும் கராம்பும் வாங்கி விற்பவர். உம்மா கைக்குழந்தையான தம்பியோடு இருந்தார். வீட்டை நடத்தியது மாமி, வாப்பாவின் மூத்த சகோதரி, அவருக்கு ராத்தா. பிள்ளை இல்லாதவர். கணவரை இளம் வயதில் இழந்து எங்களோடு வந்து தங்கியவர். இடுப்பில் சாவிக் கொத்துடன் நடப்பார். சத்தத்தை வைத்து அவர் எந்த அறையில் இருக்கிறார் என்று நாங்கள் அறிந்துகொள்வோம்.

வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா, கண்டி நகரில் தையல்காரர். கடைக்கு மேலே இரண்டு அறைகளில் அவரும் அவர் மனைவி, எங்கள் சாச்சியும் இருந்தார்கள். சாச்சிக்குக் கலகெதர ஊர். கல்யாணம் பேசி முடித்தது மாமிதான். மூன்று வருடமாக அவர்களுக்கும் பிள்ளை இல்லை. யாரோ வாடிக்கையாளர் கொடுத்த இரண்டு வெள்ளை முயல்களுக்குச் சாச்சா முன்னறை முழுவதையும் விட்டிருந்தார். விருந்தாளிகள் படுக்கை அறையில் உட்கார வேண்டியிருந்தது.

"மனுசருக்கு ஒரு காம்பரா, மொயலுக்கு ஒரு காம்பரா. இவனுக்கு அல்லா அறிவக் குடுக்கட்டும்" என்று மாமி சொல்லிச் சிரிப்பார்.

நான் விடுமுறையில் அங்கே போயிருக்கிறேன். சாச்சா முயலை ஓடவிட்டு, அது கால் ஊன்றிய இடங்களைத் தையல் சோக்கினால் சிவப்புச் சீமெந்துத் தரையில் குறிப்பார். பிறகு கழுத்தில் தொங்கும் அளவு நாடாவை எடுத்து அளப்பார். "ரெண்டே கால் அடி. இது சும்மா பாஞ்சது. பயந்து பாஞ்சா இன்னம் கூட" என்பார். பெரியது பெட்டை. சிறியது கடுவன்; அதன் இடது காதில் ஒரு பழைய வெட்டு இருந்தது. இரண்டையும் ஒன்றாக விடமாட்டார். நடுவே வலை கட்டி, ஒன்று ஓடும்போது மற்றதை அந்தப் பக்கம் வைப்பார். சாச்சா இறந்த பிறகு வந்த குடித்தனக்காரர் தரையைக் கழுவிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அந்தச் சோக்குக் குறிகள் எத்தனை இருந்தன என்பது இப்போது எனக்கு நினைவில்லை. நிறைய இருந்தன.

சாச்சா ஒரு நண்பகலில் மெஷினில் தலை சாய்த்தார். பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் மையவாடியில் அடக்கினார்கள். சாச்சி வெள்ளை உடுத்து எங்கள் வீட்டில் இருந்தார். அவர் அன்றிலிருந்து நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். கணவனை இழந்த பெண் வீட்டை விட்டு வெளியே போகாமலும், திருமணம் செய்யத் தகுந்த அந்நிய ஆண்களின் பார்வையில் படாமலும் இருக்கும் காலம் அது. தன் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று சாச்சி சொன்னதாக உம்மா பிற்பாடு சொன்னார். மாமி சம்மதிக்கவில்லை.

"கீழ கட. ஏணிப்படியில ஆம்புளயள் ஏறி எறங்குற எடம். அங்க எனத்தியன் இத்தா?" என்றார். அத்தோடு முடிந்தது.

மிளகு மூட்டைகளை வெளியே எடுத்து அந்த அறையைக் கொடுத்தார்கள். ஒன்பது அடிக்கு எட்டடி. ஒரு கட்டில், ஒரு மண் குடம், ஒரு தொழுகைப் பாய். இத்தாவில் முகம் பார்க்கக் கூடாதென்று, மூலையிலிருந்த மர அலுமாரியின் கண்ணாடியைக் கழற்றினார்கள். ஒழுங்கைப் பக்கத்து ஜன்னலுக்குக் கனத்த துணி அடித்தார்கள். வாசலில் திரை. மிளகின் காரம் சுவரிலேயே ஊறியிருந்தது. மூன்றாம் நாள் சாச்சாவின் கடையில் வேலை செய்தவர் ஒரு தேயிலைப் பெட்டியைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார். உள்ளே வெள்ளி நிறத் தாள் ஒட்டிய பலகைப் பெட்டி. உங்களில் பலர் அதில் புத்தகமும் பாத்திரமும் வைத்திருப்பீர்கள். அதில் இரண்டு முயல்களும் இருந்தன.

சாச்சி கேட்ட ஒரே பொருள் அதுதான். மாமி யோசித்துவிட்டு, "சரி, உள்ள வெச்சிக்க. மனசுக்கு ஆறுதலா ஈக்கும்" என்றார். இதையும் நான் சொல்லத்தான் வேண்டும். மாமி முதலில் மறுக்கவில்லை.

முயல்கள் உள்ளே போனதும் தும்மத் தொடங்கின. சாச்சி ஈரத் துணியால் சுவரைத் திரும்பத் திரும்பத் துடைத்தார். கீரையும் புல்லும் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. அதனால் மற்றவர்களைவிட நான்தான் அந்த அறைக்குள் அதிகம் போனேன்.

பகலில் ஒன்றைப் பெட்டிக்குள்ளும் மற்றதைக் கட்டிலுக்கடியிலும் பலகை மறைத்து வைப்பார். அசர் தொழுததும் ஓடவிடுவார். அவ்வேளை சாச்சி கட்டிலில் ஏறிக் காலை மடக்கி உட்கார்ந்துகொள்வார். தரை முழுவதும் முயல்களுக்கு. அந்தியில் மஃரிப் பாங்கு சொல்லும் வரை கீழே இறங்கமாட்டார்.

"நீங்க நடக்கிறல்லயா சாச்சி?" என்று கேட்டேன்.

"எனக்கு எங்க போகவும் இல்லயே மகள். இவங்க ஓடாட்டி காலு செத்துப் போகும். ஒங்கட சாச்சா செல்லுவாரு."

வலை கட்ட இடமில்லாததால் சில நாள் இரண்டும் ஒன்றாக ஓடின. சாச்சி அதைப் பார்த்தும் பிரிக்கவில்லை. பிரித்தால் ஒன்றுக்கு நேரம் போதாது என்றார். ஒன்பதடி அறையில் நீளமாகத் தாவ முடியாது. மூலைக்கு மூலை பாய்ந்து, சுவரில் பின்னங்காலை உதைத்துத் திரும்பும். ஒவ்வொரு உதைப்புக்கும் பலகைச் சுவர் டொக் என்று கேட்கும்.

நாற்பதாம் நாள் சாச்சாவின் பேரில் குர்ஆன் கத்தம் ஓதினார்கள். அக்குரணையிலிருந்தும் கலகெதரையிலிருந்தும் பெண்கள் வந்து நடு அறையில் பாய் விரித்து இருந்தார்கள். ஓதி முடித்து, கோப்பைகளில் பாற்சோறு வைக்கும் நேரம். சுவருக்கு அப்பால் டொக், டொக், டொக்டொக்.

ஒரு கிழவி காதைச் சாய்த்தார். "உள்ளுக்கு ஈக்கிறது இத்தா இரிக்கிற பொம்புளயா, கயிறு பாயுற புள்ளயா?"

சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். இன்னொருவர் மெல்ல, "மொயலாம். சோடியாம்" என்றார். கிழவி விடவில்லை. "சோடிண்டா ஒண்டு கடுவனாக்கும். இத்தாக் காம்பரால சேவலக்கூட விட மாட்டாங்க எங்கட காலத்தில."

மாமியின் முகத்தில் இரத்தம் ஏறியதை நான் பார்த்தேன். அவர் மதிப்புக்காக வாழ்ந்தவர். அந்தக் கிழவி சொன்னது மார்க்கத்தில் உண்டா என்று அவர் அந்த நேரம் யாரையும் கேட்கவில்லை. வந்தவர்கள் போனதும் நேரே போய்த் திரையை விலக்கினார். நான் கீரையோடு உள்ளே இருந்தேன். சாச்சி தொழுகைப் பாயில் நின்றுகொண்டிருந்தார். தக்பீர் கட்டித் தொழத் தொடங்கியாயிற்று. முடியும் வரை பேச முடியாது.

"புள்ள, ரெண்டுல கடுவன் எது?" மாமி என்னைத்தான் கேட்டார்.

எனக்குத் தெரியும். வெட்டுக் காது. சாச்சா எத்தனை தடவை காட்டியிருப்பார். ஆனால் எது வெளியே போகிறதோ அது பின்பக்கத்தில், விறகுக் கொட்டிலில், என் கையில் இருக்கும் என்று அந்த ஒரு நொடியில் எனக்கு விளங்கியது. எனக்குப் பெரியதைத்தான் விருப்பம். மடியில் வைத்தால் பாரமாக, சூடாக இருக்கும்.

"பெரிய மொயல்" என்றேன்.

மாமி அதைக் காதோடு பிடித்து எடுத்துத் தேயிலைப் பெட்டிக்குள் போட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். சாச்சி ருகூஃவில் குனிந்தார், சுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்தார். எதிலும் அவசரப்படவில்லை. சலாம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். மாமியைத் திரும்பக் கூப்பிடவில்லை. உண்மையைச் சொன்னால் சிறியதும் போய்விடும், அல்லது இரண்டும் போய்விடும். அதைத்தான் அவர் கணக்கிட்டிருக்க வேண்டும்.

"வெளியவெண்டா எடம் ஈக்கும்" என்றார் கடைசியில். "நீ நாளாந்தம் தொறந்து ஓட விடுவியா மகள்? அசர்ல இருந்து மஃரிப் வரைக்கும்?"

"ஓ சாச்சி."

"அல்லாக்காக?"

"அல்லாக்காக."

முதல் மூன்று நாள் செய்தேன். விறகுக் கொட்டிலுக்குப் பின்னால் கராம்பு மரங்களுக்கு நடுவே சின்னச் சமதரை இருந்தது. முயல் முதலில் நகரவில்லை; மூக்கை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது. பிறகு ஓடியது. அப்படி ஒரு ஓட்டத்தை நான் கண்டி வீட்டிலும் பார்த்ததில்லை. நேரே போய், அந்தரத்தில் உடம்பை முறுக்கி, திரும்பி வந்தது. நான் உள்ளே போய்ச் சாச்சியிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

நாலாம் நாள் அது விறகு அடுக்குக்குள் புகுந்துவிட்டது. பிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. கையில் நகம் கீறி, குர்ஆன் ஓதப் பிந்திப் போய் அங்கே பிரம்படி வாங்கினேன். ஐந்தாம் நாள் மழை. ஆறாம் நாளும் மழை. ஐப்பசி மழையை உங்களுக்குத் தெரியும்; பகல் இரண்டு மணிக்கு மலை இருண்டால் மஃரிப் வரை விடாது. பிறகு வெயில் வந்த நாட்களும் இருந்தன. அந்த நாட்களில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பாண்டி விளையாடினேன். அடிக்குப் பயந்து விட்டுவிட்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லி வந்தேன். பயம் இரண்டு நாளில் போய்விட்டது. அலுத்துப் போனதுதான் காரணம்.

ஒவ்வொரு நாளும் மஃரிபுக்கு முன் திரைக்கருகே போய் நிற்பேன்.

"ஓடிச்சா?"

"ஓடிச்சி."

"எவளவு நேரம்?"

"பாங்கு செல்லும் வரைக்கும்."

"காதுரெண்டும் நேரா நிண்டிச்சா?"

"நிண்டிச்சி சாச்சி."

பெட்டி இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம். மேலே கம்பி வலை, அதன் மேல் ஒரு செங்கல். கீரை போட வலையைக் கொஞ்சம் தூக்குவேன். அடியில் விரித்த கோணிச் சாக்கை எப்போது மாற்றினேன் என்று நினைவில்லை. முயல் எழுந்து நிற்கப் பார்க்கும்; தலை வலையில் இடிக்கும். வெள்ளித் தாளைக் கீறிக் கீறிப் பலகை தெரிந்தது. மூன்றாவது கிழமையில் அது கீறுவதை நிறுத்தியது. பாதத்தின் அடியில் ரோமம் கழன்று, தோல் சிவந்து, ஈரமாக இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு வலையை மூடினேன்.

ஒரு காலை விறகெடுக்கப் போன மாமி என்னைக் கூப்பிட்டார். குரலில் கோபமில்லை; அதனால் ஓடிப் போனேன். பெட்டிக்குள் ரோமத்தைப் பிடுங்கிக் குவித்திருந்தது. ஈரச் சாக்கின்மேல் ஐந்து குட்டிகள், விரல் நீளம், ரோமமில்லாமல். நாலு நசுங்கிக் கிடந்தன. அந்த இடத்தில் தாய் திரும்பினால் எதையாவது மிதிக்காமல் இருக்க முடியாது. ஐந்தாவது மறுநாள் பகல்வரை அசைந்தது.

மாமி பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கடுவன் குட்டி போடுற ஊரா இது?"

நான் அழத் தொடங்கினேன்.

"அப்பிடியெண்டா உள்ளுக்கு ஈக்கிறது?"

தலையாட்டினேன்.

மாமிக்கு முதலில் வந்தது முயலைப் பற்றிய கவலை அல்ல. சாச்சியின் இத்தாவுக்குப் பங்கம் வந்துவிட்டதோ என்ற பயம். வாப்பாவைப் பள்ளி மௌலவியிடம் கேட்டு வர அனுப்பினார். வாப்பா சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"மௌலவி செல்றாரு, கிதாபுல மொயலுக்குத் திர போடச் செல்லி ஒரு எடத்திலயும் இல்லயாம். வாயில்லாச் சீவன அடச்சி வெக்கிறதப் பத்தித்தான் ஈக்காம். ரெண்டயும் உள்ளுக்கே வெச்சி நல்லா ஓட உடச் சென்ன. ராத்தா, கடுவனுக்கு ஒரு தொப்பியும் தெச்சிக் குடுப்போமா?"

மாமி சிரிக்கவில்லை. பெட்டைக்குப் பின்னங்கால்கள் அப்போது வேலை செய்யவில்லை. தரையில் விட்டோம். முன்னங்காலால் இழுத்துக்கொண்டு ஒரு சாண் போனது, நின்றது.

"இப்ப இதக் கொண்டு போய்க் காட்டினா அவ ஒடஞ்சி போவா" என்றார் மாமி. "கொஞ்சம் தேறட்டும். பொறகு குடுப்போம்."

எண்ணெய் தடவினார். துணி விரித்துத் தன் கட்டிலருகே வைத்துக்கொண்டார். எட்டாம் நாள் காலையில் செத்திருந்தது. கராம்பு மரத்தடியில் மாமியே குழி வெட்டினார். மண்ணைத் தள்ளும்போது அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "இத்தா முடியுங்காட்டியும் ஒண்டும் செல்லாத. கேட்டா நல்லா ஈக்கிண்டு மட்டும் செல்லு."

நல்லா இருக்கிறது என்று மட்டும் சொல்லச் சொன்னார். மற்றதெல்லாம் என் சொந்தச் சரக்கு. இரண்டு மாதம் நான் செத்த முயலை ஓட்டினேன். திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, இன்று மரத்தைச் சுற்றி மூன்று வட்டம் போனது என்பேன். பலாவிலையைத் தட்டிப் பறித்தது என்பேன். பூனையைத் துரத்தியது என்று ஒரு நாள் சொன்னேன். சாச்சி சிரித்தார். அந்த அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது அதுதான் முதல் தடவை. நடு அறையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த மாமிக்கும் கேட்டிருக்கும். அவரும் தடுக்கவில்லை. பிற்காலத்தில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பிறர் எழுதியதைச் சரிபார்க்கும் வேலையில் முப்பது வருடம் இருந்தேன். நேரமும் இடமும் எண்ணிக்கையும் சரியாக இருக்கும் செய்தியை நான் முழுதாக நம்பியதில்லை.

ஒரு நாள் சாச்சி திரைக்கடியால் தன் கையை நீட்டினார். "ஒருக்காக் கொண்டு வாவன். கைய மட்டும் வெச்சிப் பாக்க."

"மாமி ஏசுவாங்க" என்றேன்.

கை கொஞ்ச நேரம் அங்கேயே தரையில் இருந்தது. பிறகு உள்ளே போனது.

இத்தா முடிந்த காலையில் சாச்சி குளித்து, கலர்ச் சேலை உடுத்து வெளியே வந்தார். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினார். கால் மெலிந்து போயிருந்தது. வாசற்படியில் நிலையைப் பிடித்துக்கொண்டார். கலகெதரையிலிருந்து அவருடைய நானா, மூத்த சகோதரர், வேனோடு வந்திருந்தார். உம்மா தேத்தண்ணீர் ஊற்றினார். சாச்சி அதைத் தொடவில்லை. நேரே விறகுக் கொட்டிலுக்கு நடந்தார். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம்.

பெட்டி சுவரோரம் கவிழ்ந்து கிடந்தது. அதை யாரும் எரிக்கவோ எறியவோ நினைக்கவில்லை. சாச்சி நிமிர்த்தினார். உள்ளே கையை விட்டு, கீறிய தாளைத் தடவினார். அடிப்பலகையில் மூத்திரம் ஊறிக் கறுத்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். தையல்காரன் மனைவி. நாடா இல்லாமலே அளக்கத் தெரிந்தவர்.

"எங்க அவ?" என்றார்.

 உம்மாதான், "மௌத்தாப் போச்சி தங்கச்சி. ரெண்டு மாசம்" என்றார்.

சாச்சி என்னைப் பார்த்தார். "நேத்தும் ஓடிச்சிண்டு சென்னியே மகள்."

 நான் மாமியைப் பார்த்தேன். ஏன் அவரைப் பார்த்தேன் என்று தெரியவில்லை. மாமி என் முகத்தை ஒரு கணம் வாசித்தார்.

"நான்தான் செல்லச் சென்ன" என்றார். "இத்தால கவலப்படுவாயெண்டு."

"அதுக்கு முந்தி? இந்தப் பொட்டியிலயா ஈந்த? ஓடவே இல்லயா?"

சாவிக் கொத்து ஒரு முறை சத்தமிட்டது.

"நான்தான் ஓட உடாமப் பண்ணின" என்றார் மாமி. "புள்ள கேட்டிச்சி. நான் ஏசின."

அது பொய். ஓட விடாதே என்று மாமி என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. முயல் ஓடுகிறது என்றுதான் அவரும் குட்டி போட்ட நாள்வரை நம்பியிருந்தார். நான் உம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

சாச்சி பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். உள்ளே போய் வெட்டுக் காதுக் கடுவனைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார். அது கொழுத்து, நல்ல ரோமத்தோடு இருந்தது. வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் சலாம் சொன்னார். என் தலையில் கைவைத்தார். மாமி இரண்டு கையையும் நீட்டி நின்றார். சாச்சி அவரைக் கடந்து வேனில் ஏறினார்.

அதன் பிறகு சாச்சி எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. கலகெதரையில் நானாவின் வீட்டில் இருந்து தைத்துக் கொடுத்தார். அங்கே அந்த முயலுக்கு ஒரு அறையைத் தனியாக விட்டிருப்பதாகவும், அது இன்னும் நாலு வருடம் இருந்ததாகவும் கேள்வி. ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் மாமி சேலை எடுத்து அனுப்புவார். பார்சல் கட்டிய நூல் அவிழாமல் திரும்பி வரும். மூன்று வருடம் அனுப்பினார். நாலாவது வருடம் அனுப்பவில்லை. கல் நெஞ்சுக்காரி என்று கலகெதரப் பக்கம் அவருக்குப் பெயர் வந்தது. கல்யாண வீடுகளில் சாச்சியின் உறவினர்கள் மாமி இருந்த பாயில் உட்கார மாட்டார்கள். மாமி அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் பேசியதில்லை. அடி விழாமல் காப்பாற்றினார் என்று அப்போது நினைத்தேன். எவ்வளவு காலத்துக்குச் சுமக்க வேண்டிவரும் என்று அவர் அந்தக் கணத்தில் யோசித்திருக்கமாட்டார் என்று இப்போது நினைக்கிறேன். கேட்டிருக்கலாம். இருபத்தைந்து வருடம் கேட்பதற்கு நேரம் இருந்தது.

மாமி மௌத்தானபோது கொழும்பிலிருந்து வந்தேன். ஜனாஸாவைக் கிடத்தியிருந்த அறையில் பெண்கள் யாஸீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். பகல் பத்து மணியளவில் வாசலில் பேச்சு நின்றது. சாச்சி வந்திருந்தார். முடி நரைத்து, கண்ணாடி போட்டிருந்தார். நேரே போய் மாமியின் தலைமாட்டில் இருந்து, முகத்தைத் திறந்து பார்த்து, துஆ ஓதினார். பிறகு என் பக்கத்தில் வந்து இருந்தார்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அடக்குவதற்கு முன், மௌத்தானவர் மீது யாருக்காவது மனக்குறை இருந்தால் வீட்டுக்காரர் அதைப் பொறுத்துக்கொள்ளக் கேட்க வேண்டும். மாமிக்குப் பிள்ளை இல்லை. வாப்பா ஆண்கள் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கத்தில் கேட்க நான்தான் இருந்தேன்.

"சாச்சி, மாமியப் பொறுத்துக்கோங்க" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு வாயில்லாச் சீவன அந்தப் பொட்டிக்குள்ள வெச்ச மனுசி" என்றார் மெதுவாக. "நான் அடச்சிக் கெடக்கக்குள்ள அதையும் அடச்சி வெச்ச. அத நெனச்சா இண்டைக்கும் எனக்கு மூச்சு முட்டும். ஆனா மௌத்துக்கு மேல எனத்த வெக்கிற? பொறுத்திட்டன் மகள்."

பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ பாவம். சின்னப் புள்ள. மழயிலயும் வந்து, ஓடிச்சி ஓடிச்சிண்டு செல்லுவ. ஒனக்கு செல்லச் செல்லித் தந்த பொய்தான். ஆனா அந்தக் கத இல்லாட்டி நான் அந்தக் காம்பராவில முடிஞ்சி போயிருப்பன்."

ஜனாஸாவைத் தூக்கிப் போகும் சந்தூக் இன்னும் பள்ளியிலிருந்து வந்திருக்கவில்லை. அரை மணி நேரமாவது இருந்தது. அறையில் ஓதும் சத்தம் இருந்தாலும் அவர் காது என் வாய்க்கு அருகில்தான் இருந்தது.

"முழுசாப் பொறுத்திட்டீங்களா சாச்சி?" என்று இன்னொரு தரம் கேட்டேன்.

"முழுசா" என்றார்.

நான் எழுந்து வாசலுக்குப் போய் வாப்பாவைக் கூப்பிட்டு, சாச்சி மாமியைப் பொறுத்துக்கொண்டார் என்று அறிவித்தேன்.